இன்னும் கொஞ்சம் பின்னுக்கு

பழைய இசைத்தட்டு தேடுகிறவனுக்கு நல்ல காதைவிட நல்ல முழங்கால் முக்கியம். பெட்டிகளை எப்போதும் மேசைக்குக் கீழேதான் வைத்திருப்பார்கள். ஒஸ்லோவில் வருடத்துக்கு இரண்டு தடவை பள்ளிக்கூட வாத்தியக் குழுக்கள் பழைய சாமான் சந்தை போடும். ஒரு பக்கம் வாஃபிள் மணம், மறுபக்கம் யாரோ செத்தவருடைய சோபா, நடுவில் நான் குந்தியிருப்பேன். பதினொரு வருடமாக என் வாரக்கடைசிகள் இப்படித்தான் போயின.

தாய்மொழியிலேயே எழுதலாம் என்று விசாரணை அதிகாரி லீசா சொன்னதால் தமிழில் எழுதுகிறேன். முப்பத்தெட்டு வருடம் இந்த நாட்டில் வேலை செய்தவன், நோர்வே மொழி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் பாட்டைப் பற்றித் தமிழில் சொன்னால்தான் திருப்தி. இதை மொழிபெயர்க்கப் போகும் பிள்ளை நிலூஜா என் நிகழ்ச்சியைத் தவறாமல் கேட்பவராம். கேட்டதும் மனம் குளிர்ந்தது.

நிகழ்ச்சியின் பெயர் 'கேட்காமல் விட்டவை'. சனிக்கிழமை பின்னேரம் எங்கள் சின்ன இணைய வானொலியில் அரை மணி நேரம். எண்பதுகளில் வெளிவந்து ஒருவரும் திரும்பிப் பார்க்காமல் போன பொப், நியூ வேவ் சிங்கிள்களைத் தேடிப் போடுவேன். ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு, மூன்றரை நிமிடம், தகர டப்பாவில் தட்டினமாதிரி ஒரு டிரம் மெஷின், காதல் போய்விட்டது என்று குளிரக் குளிரப் பாடும் ஒரு குரல். எங்கள் ஆட்களுக்குச் சினிமாப் பாட்டுத்தான் வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். முதல் வருடம் பதினாறு பேர் கேட்டார்கள். அதில் ஒருவர் என் மனைவி யோசெப்பின், இன்னொருவர் அவளுக்குப் பயந்த அவளுடைய தங்கை.

எனக்கு இரண்டு விதிகள் உண்டு. ஒரு தட்டின் இரண்டு பக்கத்தையும் கேட்காமல் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. பிழையான தகவல் சொல்வதில்லை. பதினொரு வருடத்தில் ஒருநாள்கூட நான் திருத்தம் வாசித்தது கிடையாது.

போன செப்டெம்பரில் ஒரு பெட்டியின் அடியில் அந்தச் சிங்கிள் கிடைத்தது. துரொண்ட்ஹெய்மில் 1988இல் அடித்தது. குழுவின் பெயர் 'ஈரச் சப்பாத்து'. அட்டையில் மூன்று நோர்வேப் பெடியன்களும் நடுவில் எங்கள் ஆள் ஒருவரும், உறைந்த ஏரி ஒன்றின்மேல் சப்பாத்தோடு நின்றார்கள். வீட்டுக்கு வந்து ஊசியை வைத்தேன். 'பஸ் போட்டுது' என்று, பஸ் போய்விட்ட கவலையோடு தொடங்கியது. சுத்த யாழ்ப்பாணத் தமிழ், அடியில் சிந்தசைசர். நான் அழுதுவிட்டேன். தமிழில் ஒரு நியூ வேவ் பாட்டு முப்பத்தாறு வருடமாக ஒரு பெட்டிக்குள் கிடந்திருக்கிறது, அதைக் கண்டுபிடித்தவன் நான்.

பாடியவர் டெனிஸ் அருளானந்தன் என்று அட்டையில் இருந்தது. நான்கு மாதம் தேடியும் ஆளைக் காணவில்லை. ஜனவரியில் மரண அறிவித்தல்கள் போடும் இணையத்தளத்தில் பார்த்தேன். 'ஊர்காவற்றுறையைப் பிறப்பிடமாகவும் நோர்வேயை வதிவிடமாகவும் கொண்ட டெனிஸ் அருளானந்தன் அவர்கள் காலமானார்.' படத்தில் இருபத்தைந்து வயது இளைஞர், கறுத்த மீசை. எழுபது வயதில் செத்தாலும் எங்கள் ஆட்கள் கல்யாணப் படத்தைத்தான் போடுவார்கள். மீசையைப் பார்த்தேன், அட்டையைப் பார்த்தேன், அவர்தான் என்று முடிவு செய்தேன். செத்த வீட்டுக்கு ஃபோன் எடுத்து, செத்தவர் பாட்டுப் பாடினவர்தானா என்று கேட்கும் வழக்கம் எங்களிடம் இல்லை.

அந்தச் சனிக்கிழமை அறிவித்தலை வாசித்து, இரண்டு நிமிட மௌனத்துக்குப் பிறகு பாட்டைப் போட்டேன். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். பாடகர்கள் விஷயத்தில் அந்த முதல் பாதி சரியில்லை. இரண்டு வாரத்தில் நாற்பதாயிரம் பேர் கேட்டார்கள். ரொறன்ரோவில் பிள்ளைகள் அதற்கு ஆடி வீடியோ போட்டார்கள். நோர்வேப் பத்திரிகை ஒன்று என்னைப் படம் பிடித்தது. ஒரு சின்ன நிறுவனம் ஏப்ரலில் தட்டைத் திரும்ப வெளியிடுவதாகச் சொன்னது, அன்றைக்கே நினைவு மாலை ஒன்றுக்கு மண்டபமும் எடுத்தோம். முப்பத்தோராம் நாள் திருப்பலியை நானே ஒப்புக்கொடுத்தேன். கோவில் நிறைந்திருந்தது. யோசெப்பின் நூறு பேருக்கு றோல்ஸ் பொரித்தாள்.

அடுத்த திங்கட்கிழமை ஃபோன் வந்தது.

"எலியாஸ் அண்ணையோ? நான் டெனிஸ் கதைக்கிறன். மோர்டென்ஸ்ருட்டிலயிருந்து."

"எந்த டெனிஸ்?"

"நீங்கள் பூசை வைச்ச டெனிஸ்தான்" என்று சொல்லிச் சிரித்தார். "முப்பத்தொண்டுக்கு எனக்கும் ஒரு றோல்ஸ் தந்திருக்கலாம்."

அறிவித்தலில் இருந்தவர் பேர்கனில் இறந்த வேறு டெனிஸ். அதே ஊர், தகப்பனுக்கும் அதே பெயர். என்னுடைய டெனிஸ் எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் ஆறு தரிப்பிடம் தள்ளி, ஒரு சலவைத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தார். மனைவி பிரிந்து இருபது வருடம், பிள்ளைகள் இல்லை, தமிழ்க் கொண்டாட்டங்களுக்குப் போவதில்லை. ரயிலில் பக்கத்தில் இருந்த பிள்ளையின் ஃபோனில் தன் குரலைக் கேட்டு, இது நான்தான் என்றாராம். பாடினவர் செத்துப்போனார் அங்கிள், என்று அந்தப் பிள்ளை அனுதாபப்பட்டதாம்.

நான் போய்ப் பார்த்தேன். தேத்தண்ணி தந்தார். துளியும் கோபமில்லை, அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

"ஆக்கள் அழுதவையாமே அண்ணை. எனக்காக ஆரும் அழுதது இதுதான் முதல் தரம்" என்றார். "உயிரோட இருக்கிறன் எண்டு நீங்கள் ஒருக்காச் சொன்னா இன்னும் சந்தோசப்படுவினம், என்ன?"

"அந்தப் பாட்டை எப்பிடி எழுதினனீங்கள்?" என்று கேட்டேன்.

"அது சும்மா பகிடி. பஸ் ரைம்ரேபிளைத் தமிழில வாசிச்சனான். மற்றப் பக்கம்தான் என்ர பாட்டு. கேட்டனீங்கள்தானே?"

"ஓம் ஓம்" என்றேன்.

பிறகு அவர் தன் கீபோர்டைத் திறந்து, ஏப்ரலில் மேடையில் பாடப்போவதாகச் சொன்ன புதுப்பாட்டுகளைப் பாடிக் காட்டினார். ஐந்து பாட்டு. கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டு நேரம் போடுவார்களே, அந்த ரகம். 'பஸ் போட்டுது' பாட்டையும் பைலா ஆட்ட மெட்டில் மாற்றி வைத்திருந்தார். அவர் பாடப் பாட, மண்டபம் முழுக்க ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது எனக்கு இப்போதே தெரிந்தது. அந்தப் பாட்டை அதைப் பாடியவரிடமிருந்தே காப்பாற்ற வேண்டியிருந்தது.

"இதுக்கு ஏன் இப்பிடி யோசிக்கிறியள்? திருத்தம் ஒண்டு வாசிச்சா அலுவல் முடிஞ்சுது. அரை நிமிசம்" என்றாள் யோசெப்பின்.

அவளுக்கு விளங்கவில்லை. நாற்பதாயிரம் பேரிடம் நான் ஒன்றைச் சொல்லியிருக்கிறேன். அது பிழை என்று தெரிந்தவர்கள் மூன்றே பேர். ஒருத்தி என் மனைவி, ஒருவன் நான். கணக்கு இலகுவானதுதான்.

திருத்தத்தை ஏப்ரலில் மேடையிலேயே சொல்லி எல்லோரையும் திடுக்கிட வைப்போம், அதுவரை ஒருவருக்கும் மூச்சு விடவேண்டாம் என்று டெனிசிடம் சொன்னேன். சின்னப் பிள்ளை போலச் சம்மதித்தார். புது வெளியீட்டுக்கு அந்தப் பழைய அட்டைப்படத்தையே திரும்ப எடுப்போம் என்றும் சொன்னேன்.

நோர்வேக்கு வந்த புதிதில் வடக்கே ஒரு விடுதிப் பள்ளியில் என்னைச் சேர்த்தார்கள். அங்கே பனிக்கட்டியைத் துளைத்து மீன் பிடிக்கப் பழக்கினார்கள். ஏரி எப்படி உறையும் என்பதை அப்போதே படித்துவிட்டேன். ஓடை வந்து விழும் இடத்தில் மார்ச்சில் கட்டி மெலிந்துவிடும், ஆனால் மேலே பனி மூடியிருந்தால் வித்தியாசம் தெரியாது. டெனிஸ் தீவுப் பகுதிக்காரர், கடல் தெரிந்தவர். இத்தனை வருடத்தில் உறைந்த ஏரியில் கால் வைத்தது அந்த அட்டைப்படத்துக்காக ஒரே தடவைதானாம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று எங்கள் ஆட்கள் சொல்வது அவருக்கும் தெரிந்திருக்கும், ஆனால் அன்றைக்கு ஏரி தெரிந்த நான் கூடவே இருந்தேன்.

மார்ச் பதினைந்து, சனிக்கிழமை காலை. நல்ல வெயில். மோர்டென்ஸ்ருட்டில் சந்தித்துக் காட்டுப்பாதையால் நடந்தோம். டெனிஸ் தலைமுடிக்குக் கறுப்பு அடித்து, அந்தக் காலத்துக் கோட் ஒன்றும் தேடிப் போட்டிருந்தார். கையில் பிடிக்கப் பழைய அட்டையைக் கேட்டார். தட்டை வீட்டில் வைத்துவிட்டு அட்டையை மட்டும் கொண்டுபோயிருந்தேன், கொடுத்தேன். நான் கரையில் நின்று படம் எடுத்தேன்.

"கொஞ்சம் பின்னுக்குப் போங்கோ டெனிஸ். மரம் தலையில முட்டுது. இன்னும் கொஞ்சம் பின்னுக்கு."

"காணுமோ அண்ணை?"

"இன்னும் கொஞ்சம்."

மொத்தம் பதினொரு படங்கள், என் ஃபோனில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பத்தாவதில் அவர் அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரிக்கிறார், வெளிச்சம் மிக நன்றாக விழுந்திருக்கிறது. பதினோராவதில் ஏரி மட்டும் இருக்கிறது. அவர் என்னை இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை கூப்பிடக் குளிர் விடவில்லை. நான் ஒரு மணி ரயிலைப் பிடித்து, வழக்கம்போல நிகழ்ச்சிக்குப் போய்விட்டேன். அன்றைக்கு 'பஸ் போட்டுது' பாட்டை இரண்டு தடவை போட்டேன்.

என் தட்டுகளின் அட்டைகள் எல்லாவற்றிலும் இலக்கமும் என் பெயரும் ஒட்டியிருக்கும். 214ஆம் இலக்கம் டெனிசின் கையிலேயே இருந்தது என்று ஒன்பது நாளுக்குப் பிறகு நீங்கள் வந்து சொன்னீர்கள். அட்டை இனி ஒன்றுக்கும் உதவாது. எனக்கு அது பெரிய கவலை, உலகத்தில் நாலுகூட மிஞ்சியிருக்காத சாமான்.

ஆகவே ஒளிக்க ஒன்றுமில்லை. நான்தான் அவரை அந்த இடத்துக்குப் போகச் சொன்னேன், அங்கே கட்டி தாங்காது என்று தெரிந்தே சொன்னேன். பாட்டுக்காகத்தான் செய்தேன் என்பதை மட்டும் நிலூஜா கவனமாக மொழிபெயர்க்க வேண்டும். டெனிஸ் அருளானந்தன் காலமானார் என்று நான் வாசித்தது பொய்யில்லை, திகதி மட்டும் ஒன்பது வாரம் முந்திவிட்டது. அதற்கெல்லாம் ஒரு திருத்தம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

நேற்று லீசா கடைசியாக ஒன்று கேட்டார். வீட்டிலிருந்து எடுத்த தட்டின் மற்றப் பக்கத்தை இங்கே எல்லோரும் இருந்து கேட்டார்களாம். நிலூஜா வரிவரியாகச் சொல்லச் சொல்ல, நடுவில் நிறுத்த வேண்டியதாகிவிட்டதாம். அந்தப் பாட்டைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டார். பெயர் எனக்குத் தெரியும், தட்டின் நடுவில் அச்சடித்திருக்கிறது: 'நான் இஞ்சைதான் இருக்கிறன்.' தட்டைத் திருப்பிப் போட எனக்கு இன்னும் நேரம் வரவில்லை.