பெயர் எழுதிய செருப்பு

மாலை ஆறு மணி. நவம்பர் மாதம்... ஆறு மணிக்கே கும்மிருட்டு. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் பள்ளிக்கூட மதில். நடுவில் துறைமுகத்துக்குப் போகிற தார்ச் சாலை. அதில் ஒரு பெண் தனியாக நடந்து போகிறாள்.

நெருங்கி உட்காருங்கள். அந்த நூடுல்ஸை அப்புறம் உறிஞ்சலாம். பக்கத்து அறையில் நாளைய வினாத்தாள் பெட்டிகள் இருக்கின்றன. விடியும்வரை ஒருவரும் கண்ணை மூடக் கூடாது என்று உத்தரவு. நான் சொல்லி முடித்தபிறகு மூட முடிந்தால் மூடிக்கொள்ளுங்கள்.

இது என் தோழியின் தங்கைக்கு நடந்தது. பெயர் பிட்னா. அந்தச் சாலையில் நடந்து போனாளே, அவள்தான். மறுநாள் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. அன்று மதியம் ஹால் டிக்கெட் கொடுத்திருந்தார்கள். வாங்கியதும் அறை எண்ணைத்தான் பார்த்தாள். போன வருஷம் எழுதிய அதே பள்ளிக்கூடம்... அதே ஏழாம் அறை.

ஆமாம், அவளுக்கு அது இரண்டாம் முறை. முதல் முறை என்ன ஆயிற்று என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆங்கிலத் தேர்வில் முதலில் காதால் கேட்டு எழுதும் பகுதி. அந்த நேரத்தில் நாடே மூச்சைப் பிடித்துக்கொள்ளும் என்பது நமக்குத் தெரியாததா? விமானம் இறங்காது. லாரி ஹாரன் அடிக்காது. மேற்பார்வை பார்க்கிற நாமே பஞ்சுபோல அடி வைக்கிறோம். அந்த அமைதியில் ஒலிபெருக்கியில் ஓர் ஆணும் பெண்ணும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருக்க... பிட்னாவுக்குப் பின்னால் ஒரு சத்தம்.

டக்... டக்... டக்...

குதிகால் உயர்ந்த செருப்பு. கடைசி வரிசையிலிருந்து மெதுவாக வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றது. திரும்பினாள். யாரும் இல்லை. மறுபடி டக்... டக்... மறுபடி திரும்பினாள். எட்டுக் கேள்வி காற்றோடு போயிற்று. எட்டு! பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டால், 'எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லையே' என்று கைவிரித்துவிட்டார்கள். புகார் எழுதிக் கொடுத்தாள். மேற்பார்வையாளர் இருவரும் ரப்பர் செருப்புதான் போட்டிருந்தார்கள் என்று பதில் வந்தது.

துறைமுகத்துக் கிழவர்களுக்கு மட்டும் ஆச்சரியமே இல்லை. முன்னொரு காலத்தில் ஓர் ஆங்கில ஆசிரியை, புதுச் செருப்பு போட்டுக்கொண்டு அந்த அறைக்கு மேற்பார்வைக்கு வந்தாளாம். தெரியாமல் செய்த தப்பு. 'உன் செருப்புச் சத்தத்தால் என் பையன் வாழ்க்கையே போச்சு' என்று பெற்றவர்கள் பள்ளிக்கூட வாசலில் கூடி நின்று கத்தினார்களாம். அன்றிரவு அலைத்தடுப்புச் சுவர் பக்கம் நடந்து போனவள்... திரும்பவில்லை. அவ்வளவுதான் தெரியும்.

பிட்னாவின் அம்மா துறைமுகத்தில் கணவாய் மீன் பொரித்து விற்கிறவள். மகள் ஆசிரியர் கல்லூரிக்குப் போக வேண்டும் என்பதற்காக ஒரு வருஷம் பொறுத்தாள். "இதுதான்டி கடைசி. இதுவும் போச்சுன்னா மீன் ஃபேக்டரிதான். என் கையில இனிமே தெம்பு இல்ல" என்று சொல்லியிருந்தாள். சும்மா மிரட்டுகிறவள் இல்லை அவள்.

இப்போது சாலைக்கு வருவோம்.

கணவாய் காய்கிற வாடை. அலை தடுப்புச் சுவரில் மோதுகிற சத்தம். அதற்கு நடுவில்...

டக்... டக்... டக்...

பிட்னா நின்றாள். அதுவும் நின்றது. நடந்தாள். அதுவும் நடந்தது. உப்புத் தண்ணீர் நாற்றம்... கூடவே ஈரச் சாக்பீஸ் வாடை. நீங்களாக இருந்தால் ஓடியிருப்பீர்கள். நானாக இருந்தாலும் ஓடியிருப்பேன். அவளுக்கோ பயத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது. ஒரு வருஷக் கோபம். திரும்பாமலே கத்தினாள்.

"டீச்சர்! நாளைக்கு லிஸனிங் டெஸ்ட். சத்தம் போடுற செருப்பு போடக்கூடாதுன்னு ரூல் இருக்கே, உங்களுக்குத் தெரியாதா? போன வருஷம் என் வாயில மண்ணைப் போட்டீங்க. அன்னைக்கு உங்களைப் பார்த்துக் கத்தினவங்க யாரோ... நான் என்ன பாவம் பண்ணேன்?"

அலை மட்டும்.

அவள் பையில் ஒரு ஜோடி செருப்பு இருந்தது. பள்ளிக்கூடத்துக்குள் எல்லாரும் போடுகிற நீல ரப்பர் செருப்பு, மேலே மூன்று வெள்ளைக் கோடு. மறுநாள் போடுவதற்காகத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தாள். மாறிப் போகாமல் இருக்க ஓரத்தில் மார்க்கரால் பெயர் எழுதியது. அதை எடுத்து, பின்னால் நீட்டி, சாலையில் வைத்தாள்.

"இந்தாங்க. நாளைக்கு இதைப் போட்டுக்கிட்டு வாங்க. இல்லைன்னா வரவே வராதீங்க!"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். டக் சத்தம் வரவில்லை. சாலை முடிகிற இடத்தில்தான் திரும்பிப் பார்த்தாள். செருப்பு இல்லை.

வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். அம்மா கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"பேர் எழுதின செருப்பையா குடுத்த? அடிப் பாவி! வருஷப் பிறப்பு ராத்திரி வாசல்ல ஒரு செருப்பு விடாம உள்ள தூக்கி ஒளிச்சு வைக்கிறேனே, எதுக்குன்னு நெனச்ச? பேய் போட்டுப் பார்க்கும்டி. சரியா இருந்தா எடுத்துக்கும். எடுத்துக்கிட்டா, அதுல பேர் இருக்கிறவளைத் தேடி வரும்!"

"வரட்டுமே" என்றாள் பிட்னா. ஆனால் குரல் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது.

அம்மா பேசிக்கொண்டு நிற்கவில்லை. மாவு சலிக்கிற சல்லடையை எடுத்து வாசல் கதவுக்கு வெளியே மாட்டினாள். சல்லடையைக் கண்டால் பேய்க்கு அதன் ஓட்டைகளை எண்ணாமல் இருக்க முடியாது... நம் வீடுகளில் வழிவழியாகச் செய்கிறதுதானே. விளக்கை அணைத்துவிட்டு இருவரும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்தார்கள்.

ஊர் அடங்கியது. அப்புறம்... படிக்கட்டில்...

சரக்... சரக்...

ரப்பர் செருப்பு. ஈரக் காலில் போட்ட ரப்பர் செருப்பு எப்படி இழுபடும்? அப்படி. வாசலில் வந்து நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பிறகு ஒரு பெண் குரல்.

"ஒன்... டூ... த்ரீ..."

ஆங்கிலத்தில் எண்ணுகிறது! தேர்வு ஒலிப்பதிவில் வருமே, அதே மாதிரி... திருத்தமாக, ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடைவெளி விட்டு. அம்மா மகளின் வாயைப் பொத்தினாள். கொஞ்ச தூரம் எண்ணியதும் குரல் தடுமாறும். ஒரு பெருமூச்சு. மறுபடி, "ஒன்... டூ..." இப்படியே இரவு முழுக்க. விடியற்காலையில் முதல் படகின் மோட்டார் சத்தம் கேட்ட பிறகுதான் எண்ணுவது நின்றது.

கதவைத் திறந்தார்கள். படிக்கட்டெல்லாம் உப்புத் தண்ணீர்.

அம்மா காலில் விழாத குறை. "பரீட்சையும் வேணாம் ஒண்ணும் வேணாம். ஃபேக்டரிக்குக்கூட போக வேணாம். வீட்டுலயே இருடி என் ராசாத்தி."

"அம்மா, அது ராத்திரி பூரா இங்கிலீஷ்ல எண்ணிப் பழகியிருக்கு. நான் ஒரு வருஷம் பூரா பழகியிருக்கேன். யாரு ஜெயிக்கிறாங்கன்னு பார்த்துடலாம்" என்றாள் பிட்னா. பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குத் தேர்ச்சி ஒட்டிக்கொள்ளட்டும் என்று கொடுக்கிற ஒட்டுமிட்டாயை அழுதுகொண்டே அவள் வாயில் திணித்தாள் அம்மா.

மதியம். ஆங்கிலத் தாள். ஏழாம் அறை. ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்தது. வானத்தில் விமானம் இல்லை, தெருவில் வண்டி இல்லை. கடல்கூட அடங்கின மாதிரி இருந்தது. ஆணும் பெண்ணும் பேச ஆரம்பித்தார்கள். முதல் கேள்வி. இரண்டாவது...

கடைசி வரிசையில்... சரக்.

அவள் திரும்பவில்லை. சரக்... சரக்... மெதுவாக, ரொம்ப மெதுவாக. யாருக்கும் இடைஞ்சல் வரக் கூடாது என்று பார்த்துப் பார்த்து நடக்கிற நடை. அவள் மேசைப் பக்கத்தில் வந்து நின்றது. உப்பு நாற்றம். கடைக்கண்ணில் நீல ரப்பர் தெரிந்தது, மூன்று வெள்ளைக் கோடு தெரிந்தது. ஓரத்தில் அவள் கையெழுத்திலேயே அவள் பெயர். செருப்புக்குள் வெளுத்துப்போன கால்விரல்கள்.

டப்... மேசையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

விடைத்தாளுக்கு விரல்கடை தூரம். தாள் நனைந்தால் இயந்திரம் படிக்காது, நமக்குத்தான் தெரியுமே. பிட்னா இடது கையைத் தாளின் மேல் குடைபோலப் பிடித்தாள். அடுத்த சொட்டு புறங்கையில் விழுந்தது. பனிக்கட்டி மாதிரி இருந்தது. விழட்டும். இன்னொன்று. விழட்டும்! பல்லைக் கடித்துக்கொண்டு வலது கையால் விடையைக் கருப்பாக்கிக்கொண்டே போனாள். நிமிரவே இல்லை. கேட்டு எழுதும் பகுதி முடிந்து, படித்து எழுதும் பகுதிக்குத் தாளைப் புரட்டிய நேரத்தில்... சரக்... சரக்... தள்ளிப் போய்விட்டது.

கேட்டு எழுதியதில் ஒன்றுகூடத் தப்பில்லை. எனக்குத் தெரியும், மதிப்பெண் சீட்டை நானே பார்த்தேன்.

ஆனால் அன்று மாலை இன்னொன்று நடந்தது. பள்ளிக்கூட வாசலில் அம்மா கடலைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள். பிட்னா சரளைக்கல் பாதையில் ஓடி வந்து முதுகைத் தொட்டாள். அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது, கத்திவிட்டாள்.

"ஏண்டி பூனை மாதிரி வர்ற?"

பிட்னா குனிந்து பார்த்தாள். காலுக்கடியில் சரளைக்கல். ஓர் அடி வைத்தாள்... சத்தம் இல்லை. ஓங்கி மிதித்தாள். கல் தெறித்தது. சத்தம் இல்லை.

அன்றிலிருந்து இன்றுவரை அவள் நடந்தால் கேட்காது. அம்மா பூசாரிச்சியைக் கூப்பிட்டுச் சடங்கு செய்கிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். "குடுத்தது நான். குடுத்ததைத் திருப்பிக் கேக்க மாட்டேன். ஒரு சத்தம்தானே போச்சு? போகட்டும்" என்றுவிட்டாள் மகராசி. ஆசிரியர் கல்லூரிக்குப் போனாள், படித்தாள், ஆங்கில ஆசிரியையும் ஆனாள். வருஷா வருஷம் மேற்பார்வைக்கு ஏழாம் அறையைக் கேட்டு வாங்குகிறாள். நாளைக்கும் வருகிறாள், நீங்களே பார்க்கலாம்.

போன வருஷம் நானும் அங்கேதான் இருந்தேன். அம்மணி எப்படி வந்தாள் தெரியுமா? குதிகாலில் இரும்பு அடித்த கருப்புச் செருப்பு! தலைமை மேற்பார்வையாளருக்கு முகம் சிவந்துவிட்டது.

"இந்தச் செருப்போடவா லிஸனிங் ஹாலுக்குப் போறீங்க?"

"சத்தம் கேட்டா சொல்லுங்க சார், கழட்டிடறேன்" என்று தாழ்வாரம் முழுக்க நடந்து காட்டினாள். ஒரு டக்... ம்ஹும். அவர் வழியை விட்டு ஒதுங்கினார். எனக்கோ சிரிப்பு வரவில்லை. அவள் போன பிறகு, ஓர் அடி பின்னால்... சரக்... சரக்... நான் கேட்டேன்.

தேர்வு முடிந்தது. நானும் பிட்னாவும் வாசலுக்கு வந்தோம். மூக்கை அறுக்கிற குளிர், பேசினால் எங்கள் இருவர் மூச்சும் வாயிலிருந்து வெள்ளைப் புகையாகப் பறந்தது. நாரே என்று ஒரு பிள்ளை, ஏழாம் அறையில் எழுதியவள், ஓடி வந்தாள். மேலே வெறும் சட்டைதான்.

"டீச்சர், உங்க பின்னாலயே வந்த இன்னொரு டீச்சர் முழுக்க நனைஞ்சு நடுங்கிட்டு இருந்தாங்க. பாவமா இருந்துச்சு. மணி அடிச்சதும் என் ஸ்வெட்டரைக் குடுத்துட்டேன்."

பள்ளிக்கூட ஸ்வெட்டர். நெஞ்சில் பெயர் தைத்தது.

பிள்ளை பேசிக்கொண்டே இருந்தாள். அவள் வாயிலிருந்து புகை வரவில்லை.

பிட்னா ஒரு கணம்தான் பார்த்தாள். "என்னோடதுன்னா விட்டுட்டேன். புள்ளையோடதை விடுவேனா?" என்று பல்லைக் கடித்தாள். திரும்பி, அந்த இரும்புச் செருப்போடு சத்தமே இல்லாமல் கட்டடத்துக்குள் ஓடினாள். "டீச்சர்! குடுங்க அதை! அது குழந்தை, டீச்சர்!" என்று அவள் கத்தியது தாழ்வாரம் முழுக்க எதிரொலித்தது. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. நான் நாரேயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சில்லென்று இருந்தது.

வந்தாள். கையில் ஸ்வெட்டர். தண்ணீர் சொட்டச் சொட்டப் பிழிந்து, உதறி, பிள்ளையின் தலைவழியே மாட்டிவிட்டாள். நாரே ஒரு தும்மல் போட்டாள். வாயிலிருந்து குப்பென்று புகை வந்தது. எனக்கு உயிர் வந்தது.

"என்னடி குடுத்துட்டு வாங்கின?" என்று கேட்டேன்.

பிட்னா வாய்விட்டுச் சிரித்தாள். "குடுக்கறதாவது? பிடுங்கிட்டு வந்தேன், அக்கா."

அந்தக் குளிரில் என் வாயில் புகை பறந்தது. பிள்ளை வாயில் பறந்தது. அவள் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள்... அவள் வாயில் மட்டும் ஒன்றுமில்லை.