பிரசவ மருந்துக்கு அளவு

கதவைத் திறக்க வேணாம் அத்தை. உள்ள இருந்தே பேசுங்க, எனக்கு நல்லாக் கேக்குது. ரெண்டு வருஷமா மூஞ்சியில முழிக்காத மருமகன் இப்ப எதுக்கு வந்து நிக்கிறான்னுதானே? உங்க பிரசவ மருந்துக்கு அளவு கேக்க வந்தேன், அவ்வளவுதான். பூட்டு ரிப்பேர்காரனுக்கு இந்தப் பூட்டெல்லாம் ரெண்டு நிமிஷ வேலை. ஆனா உங்க கதவுல கை வைக்க மாட்டேன், போதுமா?

ஆமா, பொறந்து ஆறு நாளாச்சு. பையன்தான். மூக்கு அப்படியே உங்க மூக்கு, அதுல எனக்குப் பங்கே இல்ல.

அவளுக்குத்தான் வலி தாங்கல அத்தை. அடிவயித்தைச் சுருட்டிச் சுருட்டிப் புடிக்குது, தலகாணியைக் கடிச்சுக்கிட்டுக் கிடக்கா. டாக்டர்கிட்ட காட்டாம இருப்பேனா? கோளாறு ஒண்ணுமில்ல, போகப்போக சரியாயிடும்னு மாத்திரை குடுத்தாங்க. முழுங்கினா வாந்தி. கடையில லேகியம் வாங்கினேன், துப்பிட்டா. மாடிவீட்டு அக்கா கஷாயம் வச்சுக் குடுத்தாங்க, அதையும் துப்பிட்டா. எங்கம்மா அரைக்கிறது இது இல்லைங்கறா. அவ அக்காவுக்கு நீங்க அரைச்சப்ப பக்கத்துல உக்காந்து பாத்தாளாம். என்னைக் கட்டிக்கிற அவசரத்துல அளவைக் கேட்டு வச்சுக்கல. எனக்குப் பயமா இருக்கு அத்தை, உங்க கால்ல வேணா விழறேன்.

சுக்கா? இருங்க, எழுதிக்கிறேன். ஒரு விரல் நீளம், சரி. ஓமம் ஒரு கைப்பிடி, வறுத்து. யார் கைப்பிடி, உங்களதா என்னதா? உங்களது. சரிங்க.

பிள்ளையைத் தூக்கிட்டு வந்திருக்கலாமேன்னா... இல்ல, நான் மட்டும்தான் வந்தேன். நீங்க மருந்தைச் சொல்லுங்க.

பூண்டு எதுக்குங்க? ஓ, பால் ஊறவா. அப்ப அது வேணாம், அடிச்சுட்டேன். வெந்தயமும் அதுக்குத்தானா? அதையும் அடிச்சுட்டேன். இன்னும் எதெது பாலுக்குன்னு சொல்லிடுங்க, எல்லாத்தையும் எடுத்துடலாம். வலிக்கு மட்டும் இருந்தாப் போதும். ஏற்கெனவே மார் கட்டிக்கிட்டு அதுக்கு வேற தனியா அழறா. குடிக்கத்தான் ஆளில்லையே. மூச்சுத் திணறியேதான் பொறந்தான், மூணாம் நாள் போயிட்டான்.

அத்தை?

நெய் எவ்வளவுன்னு சொல்லலையே அத்தை.