குழந்தைக்குப் போட்ட இரண்டாவது ஊசி குறித்து வெண்மதி கொடுத்த வாக்குமூலம்

என் பெயர் வெண்மதி, வயது 26, கணவர் பெயர் செல்வகுமார். மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டில் குடியிருந்து தையல் வேலை செய்து வருகிறேன். என் கணவர் நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறார். எங்கள் பெண் குழந்தைக்கு அனுமதியில்லாமல் வேறு ஆள் ரத்தத்தை ஏற்றிவிட்டதாக செவிலியர் எவாஞ்சலின் மீது என் கணவர் கொடுத்த மனு சம்பந்தமாக என்னை விசாரித்ததில் நான் சொல்வதாவது.

நான் கர்ப்பமாக இருந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில் எனக்கு ஹெபடைடிஸ் பி என்னும் கல்லீரல் கிருமி இருப்பது தெரியவந்தது. எனக்கு உடம்பில் எந்தத் தொந்தரவும் இருந்ததில்லை. நான் பிறக்கும்போதே என் தாயாரிடமிருந்து வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அன்றே என் கணவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "எங்கம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம்" என்றார். நானும் சரி என்று இருந்துவிட்டேன்.

அதன் பிறகு சென்ற வெள்ளிக்கிழமை காலை தனியார் ஆஸ்பத்திரியில் எனக்கு சுகப்பிரசவம் ஆனது. டாக்டர் குழந்தைக்கு இரண்டு ஊசி எழுதினார். எவாஞ்சலின் என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். தடுப்பூசி போட்டால் குழந்தையின் உடம்பு தானே எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிக்கொள்ளும், ஆனால் அதற்குச் சில வாரம் ஆகும், பிரசவத்தில் என் ரத்தம் பட்டிருப்பதால் கிருமி அதுவரை காத்திருக்காது, ஆகவே அந்தச் சக்தி ஏற்கெனவே உள்ளவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்துச் சுத்தம் செய்த மருந்தை இன்னொரு தொடையில் போடுவோம், அது உடனே வேலை செய்யும், சில மாதத்தில் கரைந்துபோகும் என்றார். "அப்ப அது இரவல்தானே சிஸ்டர்?" என்று கேட்டேன். "இரவல்தாம்மா. சொந்தமா வர்ற வரைக்கும் தாங்கும்" என்றார்.

என் கணவர் பகல் ஷிப்டில் இருந்தார், போன் எடுக்கவில்லை. தாமதிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் நானே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. அதன் பிறகு என் தம்பி கார்முகில் கடலூர் சென்று மருந்தை ஐஸ் பெட்டியில் வாங்கி வந்தான். என் கண் முன்னேதான் ஊசி போட்டார்கள். குழந்தை அழுதது, பால் கொடுத்ததும் நிறுத்திக்கொண்டது.

அதன் பிறகு மாலையில் சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த என் மாமியார் கண்ணகி, குழந்தையின் இரண்டு தொடையிலும் பஞ்சு ஒட்டியிருப்பதைப் பார்த்து என்னவென்று கேட்டார். ரத்தத்திலிருந்து எடுத்த பாதுகாப்பு மருந்து என்று மட்டும் சொன்னேன். அவர் எவாஞ்சலினிடம் திரும்பி, "யாரு ரத்தம்? என்ன ஆளுங்கன்னு கேட்டுக்கினு போட்டியா?" என்றார். "நெறைய பேர் குடுத்ததுங்க ஆயா. யாருன்னு எங்களுக்கும் தெரியாது" என்றார் அவர். மாமியார் எவாஞ்சலின் கையிலிருந்த மருந்துத் தட்டைத் தட்டிவிட்டார். என் நோயைச் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே பேச்சு முடிந்திருக்கும். எவாஞ்சலின் சொல்லவில்லை. குனிந்து கீழே விழுந்ததைப் பொறுக்கினார். ஷிப்ட் முடிந்து வந்த என் கணவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். மறுநாள் மாமியார் சொன்னபடி மனுவில் கையெழுத்துப் போட்டார்.

எவாஞ்சலின் மீது எந்தத் தவறும் இல்லை. அவர் எனக்காகச் சொல்லாமல் விட்டதை இங்கு நானே சொல்லிவிட்டேன். அது யார் ரத்தம் என்று நான் கேட்கவில்லை, இனியும் கேட்க மாட்டேன். அடுத்த தடுப்பூசிக்கும் குழந்தையை அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவேன்.

அதன் பிறகு நான் கேட்டுக்கொண்டபடி, வெளியே இருந்த என் கணவரை அழைத்து மேற்சொன்னதைப் படித்துக்காட்டினார்கள். அவர் எதையும் மறுக்கவில்லை. "அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். "வேணாம், நானே சொல்றேன்" என்றேன். மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார். திரும்ப வாங்கினால் அந்தச் சிஸ்டர் மேல் விழுந்த சொல் அப்படியே நிற்கும். ஆகவே முழுவதும் விசாரித்து, அவர் மேல் குற்றமில்லை என்று எழுதித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டதைக் கேட்டேன். சொன்னபடியே உள்ளது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
செ. வெண்மதி