ஒருவர் உள்ளே வந்தாயிற்று

நேரம் இரவு ஒன்றே முக்கால். தெல்லிப்பழையில், பனங்காணிக்குள் போய் முடிகிற ஓர் ஒழுங்கை. லைற் ஒன்றே ஒன்று, அதுவும் ஒழுங்கை வாயில்... கடைசி வீடு ஐரிஸ் அன்ரியுடையது. அடுத்த வீட்டு ஜொய்சி என் மச்சாளோடு படித்தவள். அவள் சொன்னதைத்தான் சொல்கிறேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை. கிட்ட வந்து இருங்கோ.

கனடாவில் இருக்கிற மகன் பிறேம், தனிய இருக்கிற தாய்க்குக் கள்ளர் அலாரம் பூட்டுவித்தான். கதவு திறந்தால் ஊரே எழும்பும். அவனுடைய போனுக்கும் தகவல் போகும். நல்லதுதான். ஆனால் அந்த வீட்டுக் கக்கூசு கிணற்றடிக்கும் அப்பால். வீட்டுக்குள் கட்டவே கூடாது என்று அன்ரியின் புருசன் நேசையா மாஸ்டர் சாகும்வரை ஒற்றைக்காலில் நின்றவர். "உந்தக் காசுக்கு உள்ளுக்கு ஒரு கக்கூசைக் கட்டியிருக்கலாமே," என்றாளாம் ஜொய்சி. நியாயம்தானே?

அலாரம் பூட்ட வந்த ஜெரிசன் கரவெட்டி ஆள். "அன்ரி, அலாரத்தை நிப்பாட்டாமலே போய் வரலாம். இந்தப் பட்டனை அமத்திப்போட்டுப் போங்கோ. எல்லாரும் திரும்பி வருமட்டும் பீப், பீப் எண்டு கேக்கும். கதவால உள்ளுக்கு வாற ஆக்களை அது எண்ணும், கணக்குச் சரியெண்டா நிண்டிடும். அதுக்கு மேல ஒருக்காக் கதவு திறந்தாத்தான் கத்தும். இரவிலை எத்தனை பேர் போவியள்?"

"ரெண்டு பேர்," என்றார் ஐரிஸ்.

நாற்பது வருசப் பழக்கம். ஒருவர் உள்ளே போக, மற்றவர் ரோச் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பார். வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. மாஸ்டரை அடக்கம் செய்து எட்டு மாதம். ஜெரிசனுக்கு அது தெரியுமா? இரண்டு என்றே போட்டுவிட்டுப் போனான்.

அன்று இரவு ஐரிஸ் தனியப் போய்த் தனிய வந்தார். கொண்டியைப் போட்டார். பீப்... பீப்... நிற்கவில்லை. கட்டிலில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, கிறீச்... கதவு. ஈர மண் மணம்.

பீப் நின்றது.

எழுந்து போய்ப் பார்த்தால், கொண்டி போட்டபடியே கிடந்தது. பயப்பட வேண்டிய மனிசி, "மாஸ்டர் வந்திட்டார்" என்று நிம்மதியாய் நித்திரை கொண்டாராம்! அப்படி நாலு இரவு.

ஐந்தாம் நாள் பிறேம் போனில் துள்ளினான். "ரெண்டாவதா ஆரம்மா வாறது? ஆரை வீட்டுக்கை விடுறியள்? இனியும் உப்பிடியெண்டா வீட்டை வித்துப்போட்டு உங்களை முதியோர் இல்லத்திலை விடுவன்."

மாஸ்டர் கட்டிய வீடு. விட்டுப் போக முடியுமா? ஐரிஸ் ஜெரிசனைக் கூப்பிட்டு, இரண்டை ஒன்றாக்குவித்தார். வேலியடியில் ஜொய்சியிடம் மட்டும் சொன்னார்: "பாவம் மனிசன். இண்டைக்கு வெளியிலை நிக்கப் போறார்."

அந்த இரவுதான். ஒன்றே முக்கால். பட்டனை அமத்திவிட்டுப் போனார். கிணற்றடியால் திரும்பும்போதும் கேட்டது. பீப்... பீப்...

நின்றுவிட்டது.

அவர் இன்னும் படியில் கால் வைக்கவில்லை. ஓடிப்போய்க் கதவைத் தள்ளினார். அலாரம் கத்தத் தொடங்கியது. அதன் கணக்குச் சரி: ஒருவர் உள்ளே வந்தாயிற்று. வெளியில் நிற்பவர்தான் கள்ளர்.

"இஞ்சேருங்கோ... நான்தான், ஐரிஸ்!"

உள்ளே போன் அடித்தது. நாலைந்து தரம். நின்றது. யாரோ எடுத்தாயிற்று. பிறகு ரிக், ரிக், ரிக், ரிக்... நாலு இலக்கம். அலாரம் அடங்கியது. அந்த இலக்கம் தாயையும் மகனையும் தவிர யாருக்கும் தெரியாது. மாஸ்டர் போன பிறகுதானே அலாரமே வந்தது?

கதவு அவர் கையை மெல்லத் தள்ளியபடி சாத்திக்கொண்டது. கொண்டி விழுந்தது.

வெறுங்காலோடு ஓடிவந்த ஐரிஸைக் கதிரையில் இருத்திவிட்டு, ஜொய்சி கனடாவுக்கு அடித்தாள். பிறேமுக்கு எரிச்சல்.

"அம்மா உங்கடை வீட்டிலையோ? விசரே ஜொய்சியக்கா உங்களுக்கு? இப்பதானே அம்மாவோடை கதைச்சனான். 'உள்ளுக்கு வந்திட்டன், பயப்பிடாதை தம்பி' எண்டவா. ஆனா..."

"என்ன, ஆனா?"

"கதவடியிலை ஆரோ நிண்டு, தன்ரை குரலிலையே கூப்பிடுதாம். திறக்கமாட்டன் எண்டவா."