வெண்டலுக்குப் பக்கத்து மேசை

துப்பாக்கிக் கண்காட்சி மண்டபத்தில் விற்கும் காப்பியை மட்டும் குடித்துவிடாதீர்கள், அதிகாரி அம்மா. கழுநீர் தோற்றுவிடும். நான் வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுபோய்விடுவேன். சனிக்கிழமை காலையில் மேசை விரிப்பைப் போட்டு, துப்பாக்கிகளைத் துடைத்து வரிசையாக வைத்து, ஒரு குவளை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தால் மனசு அடங்கும். சுண்ணாம்புக் குவாரியில் முதுகு போய் வீட்டோடு கிடக்கிறவனுக்குக் கென்டக்கியில் வேறு என்ன பொழுதுபோக்கு இருக்கிறது, சொல்லுங்கள்.

பொழுதுபோக்கு என்றதும் லேசாகச் சிரித்தீர்கள். பரவாயில்லை. சட்டம் என் பக்கம் என்றுதான் இத்தனை வருஷமும் சொல்லிவந்தேன். லாபத்துக்காக வாங்கி வாங்கி விற்கிறவன் வியாபாரி. அவனுக்கு உரிமம் வேண்டும். கேட்டு வருகிற ஒவ்வொருவரின் பெயரையும் போனில் சொல்லி, இவருக்கு விற்கலாமா என்று அரசாங்கத்திடம் கேட்க வேண்டும். தன்னிடம் இருப்பதில் எப்போதாவது ஒன்றிரண்டைக் கழித்துவிடுகிறவனுக்கு அந்தத் தலைவலி கிடையாது. என் மேசையில் ‘சொந்தச் சேகரிப்பு’ என்று ஓர் அட்டை இருக்கும்.

பக்கத்து மேசை வெண்டலுடையது. உரிமம் வாங்கிய வியாபாரி, எப்போதும் போனும் கையுமாக இருப்பான். காலையில் நான் வாங்கிப்போட்ட புதுத் துப்பாக்கி மத்தியானம் என்னிடம் இருக்காது என்பதை அவன் கவனிக்காமல் இல்லை.

“என்ன லோவெல், உன் சொந்தச் சேகரிப்பு தடவைக்குத் தடவை குட்டி போடுதே. அப்படி என்னய்யா தீனி வைக்கிறே?”

“வயித்தெரிச்சல் படாதே. நீ போனைக் கட்டிக்கிட்டு அழு.”

சுற்றி இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

எங்களைப் போன்றவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வாங்க வருகிறவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்போம்: இந்த மாநிலத்துக்காரரா? டிரைவிங் லைசென்ஸைக் காட்டினால் முடிந்தது. அதற்கு மேல் கேட்பது மரியாதை இல்லை. அவனாகவே ஏதாவது சொல்ல வாயெடுத்தாலும் கையை உயர்த்தி நிறுத்திவிடுவோம். துப்பாக்கி வாங்கக் கூடாதவன் என்று தெரிந்தே விற்றால் குற்றம், தெரியாமல் விற்றால் குற்றமில்லை. அதனால் எதையும் தெரிந்துகொள்ளாமல் இருக்க நன்றாகப் பழகியிருந்தேன்.

மார்லா என் அக்கா நோரீனின் மகள். தகப்பன் இல்லாத பிள்ளை. கல்யாணத்தன்று அவளைத் தேவாலயத்துக்குள் அழைத்துப் போய் டிராயிடம் ஒப்படைத்தவன் நான்தான். மே மாதக் கண்காட்சியில் என் மேசை முன்னால் வந்து நின்றாள். முகவாயில் ஒரு காயம் மஞ்சள் பூத்து ஆறிக்கொண்டிருந்தது.

“மாமா, டிராய் உங்ககிட்ட வருவான். கோர்ட்டுல அவனுக்கு...”

கையை உயர்த்தினேன். “வேணாம் கண்ணு. நீ சொல்லிட்டா எனக்குத் தெரிஞ்சதா ஆயிடும்.”

“தெரியணும்னுதானே வந்திருக்கேன்.”

“ஒருத்தன் கதையைக் கேட்டா எல்லார் கதையையும் கேக்கணும். அப்புறம் நான் இங்க எதுக்கு உக்காந்திருக்கேன்?”

“கடையில அவனுக்குக் குடுக்க மாட்டாங்க மாமா. உங்களை மாதிரி ஆளுங்ககிட்டதான் வருவான். வந்தா இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். எனக்குப் பயமா இருக்கு.”

“வெயில்ல நிக்காதே. அம்மா வீட்டுக்குப் போ.”

மண்டபத்துக்குள் ஏது வெயில்? “சரி, காதைப் பொத்திக்கிட்டே வியாபாரம் பண்ணுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வியாபாரம் என்றாளே, அதுதான் எனக்குச் சுருக்கென்றது. அவள் முகத்துக் காயத்தைவிட அந்தச் சொல்தான் அன்று முழுக்க உறுத்திக்கொண்டிருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அப்படி.

அடுத்த கண்காட்சிக்கு டிராய் வந்தான். முதலில் வெண்டலிடம் போனான். வெண்டல் அவன் பெயரைப் போனில் சொன்னான், காத்திருந்தான், கீழே வைத்தான்.

“உனக்குத் தர முடியாதுப்பா. வேணாம்னுட்டாங்க.”

“ஏனாம்?”

“அதை அவங்களையே கேளு.”

எல்லாம் என் காதில் விழுந்தது. டிராய் திரும்பினான், எதிரே நான். வெண்டல் அந்த நேரம் பார்த்துக் குனிந்து தோட்டாப் பெட்டிகளை அடுக்க ஆரம்பித்தான். இப்போது தொலைக்காட்சியில் வந்து ‘நான் மறுத்தேன்’ என்கிறான். மறுத்தான்தான். பிறகு எந்தப் பக்கம் பார்த்தாய் என்று அவனை ஒருவரும் கேட்கவில்லை.

“மாமா, முதுகு எப்படி இருக்கு?”

“அது கெடக்கு. என்ன வேணும்?”

ஒரு கைத்துப்பாக்கியைத் தொட்டுக் காட்டினான். “மார்லா விஷயமா உங்ககிட்ட யாராவது ஏதாச்சும்...”

கையை உயர்த்தினேன். “அதெல்லாம் எனக்கு வேணாம். இந்த மாநிலம்தானே? லைசென்ஸைக் காட்டு.”

“என்ன மாமா, என்னைத் தெரியாதா உங்களுக்கு?”

“எல்லாருக்கும் ஒரே முறைதான்.”

செவ்வாய்க்கிழமை மார்லாவை அவள் சமையலறையில் கண்டெடுத்தார்கள். அடக்கத்துக்குப் போனேன். “அப்பன் ஸ்தானத்துல நின்னியேடா, பாவி” என்று சொல்லி நோரீன் என்னை வாசலோடு திருப்பி அனுப்பினாள்.

உரிமம் இல்லாத வியாபாரம் என்று குற்றம் எழுதியிருக்கிறீர்கள். அதை ஒப்புக்கொண்டு, டிராய் விஷயம் தெரியாது என்று மட்டும் சொல்லச் சொல்கிறார் என் வக்கீல். சொன்னால் தப்பிக்கலாமாம். உரிமம் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டீர்களே, சொல்கிறேன். எடுத்திருந்தால் நானும் போன் செய்ய வேண்டியிருக்கும், அவர்களும் வேண்டாம் என்பார்கள். அப்படி மறுக்கப்பட்டவர்கள்தான் என் ஆட்கள். ஒவ்வொரு தடவையும் மண்டபக்காரர்களிடம் சண்டை போட்டு வெண்டலுக்குப் பக்கத்து மேசையை வாங்கியதும் அதற்காகத்தான். அவனிடம் இல்லை என்ற பதிலைக் கேட்டவன் அப்படியே திரும்பினால் போதும்.

தெரியாது என்று சொல்ல மாட்டேன். மார்லா வருவதற்கு முன்பே, ஈஸ்டர் விருந்தில் கறியை அறுத்துக்கொண்டே நோரீன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அடித்ததை, கழுத்தை நெரித்ததை, இனி அந்த வீட்டுப் பக்கம் வரக் கூடாது, துப்பாக்கி தொடக் கூடாது என்று கோர்ட் டிராய்க்குத் தடை போட்டதை. மார்லாவைப் பேசவிடாமல் நான் கையை உயர்த்தியபோது அவள் சொல்ல வேண்டிய புதுச் சேதி ஒன்றும் பாக்கி இல்லை.

அன்று டிராயின் லைசென்ஸை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தேன். மாநிலம் கென்டக்கி. விலாசத்தை அவன் இன்னும் மாற்றியிருக்கவில்லை. மார்லாவின் வீடு, கதவு எண்ணோடு அதில் இருந்தது. “சரியா இருக்கு” என்று சொல்லி, லைசென்ஸையும் துப்பாக்கியையும் சேர்த்தே அவன் கையில் கொடுத்தேன்.