கஸ்டமர் வீட்டுத் தீபாவளி

ரூபன்: போன வச்சிராத, வச்சிராத! ஒரு கஸ்டமர் விசயமாத்தான் கோல் எடுத்தேன்.

ஜெயந்தி: ரெண்டு மாசமா புருசன் கோல் எடுக்கல. இன்னிக்கு எடுக்குறாரு. தீபாவளிக்கு. கஸ்டமர் விசயமா.

ரூபன்: கடையில எயார் ஃப்ரையர் வாங்கின ஆளு ஜெயந்தி. அதுலயே முழு தீபாவளிச் சாப்பாடும் செய்யணுமாம். என்னயப் போட்டுக் கொடையுறாரு. நான் விக்கிறவன். எனக்கு சமையல் தெரியுமா?

ஜெயந்தி: எண்ணெ இல்லாம சுடுகாத்துலயே பொரிக்குமே, அந்தக் காத்துப் பொட்டியா? பதுளை பூரா வித்தீங்க. நம்ம வீட்டுக்கு ஒன்னு வரல.

ரூபன்: அத விடு. கோழிக்கு எத்தன நிமிசம்?

ஜெயந்தி: கஸ்டமருக்குப் பொண்டாட்டி இல்லையா?

ரூபன்: இருக்கா... இருக்காங்களாம். அம்மா வீட்டுல.

ஜெயந்தி: எந்த ஊராம்?

ரூபன்: ...பசறப் பக்கம்.

ஜெயந்தி: அட, எங்க பக்கம்! எனக்குத் தெரியாம யாரது?

ரூபன்: கோழி, ஜெயந்தி. கோழி!

ஜெயந்தி: கத்தாதீங்க. தயிரு, தூளு, உப்பு எல்லாம் பெரட்டி ஊற வச்சாரா?

ரூபன்: விடிய எந்திரிச்சு வச்சாச்சு. வச்சாராம்.

ஜெயந்தி: அப்ப இருவத்தஞ்சு நிமிசம். பாதியில ஒரு பெரட்டு.

ரூபன்: பெரட்டா? இன்னிக்குத் தேயிலத் தோட்டமே லீவு. பெரட்டுக்கு யாரு வருவா?

ஜெயந்தி: அய்யோ... இந்தப் பகிடிய இன்னும் விடலயா நீங்க?

ரூபன்: தோட்டத்துல வேல செஞ்ச காலத்துல ஒரு நாளாவது காலையில பேர் கூப்புடுற பெரட்டுக்கு நேரத்தோட வந்திருக்கியா நீ? அத்தன பொம்பளையும் கூடையோட வரிசையில நிப்பாங்க. கங்காணி நான் ஒவ்வொரு பேரா கூப்புடுவேன். நீ மட்டும் ஒரு செருப்பக் கையில புடிச்சிக்கிட்டு மேட்டுல இருந்து ஓடி வருவ.

ஜெயந்தி: வாறதுக்கு முன்னாடியே என் பேரப் போட்டு வச்சிருவீங்களே.

ரூபன்: வராத ஆளுக்குப் பேர் போட்டு தோட்டத் தொரகிட்ட ஏச்சு வாங்கினது நான்.

ஜெயந்தி: ...வந்தேன்ல.

ரூபன்: வந்த. எப்பவும் வந்துருவ... என்ன சத்தம் அது? ரயில் கூவுற மாதிரி? பசறையில ஏது ரயிலு?

ஜெயந்தி: டீவி.

ரூபன்: இங்கயும் இப்பத்தான் ஸ்டேசன்ல கூவுச்சு.

ஜெயந்தி: ரயிலுன்னா எல்லாம் ஒரே மாதிரிதான் கூவும். அடுத்து என்ன வேணும் ஒங்க கஸ்டமருக்கு?

ரூபன்: வடை. மாவத் தட்டி உள்ள வச்சா, கூடை ஓட்டையில வழிஞ்சு அடியில போய் தோசையா கெடக்கு. கெடக்குதாம்.

ஜெயந்தி: வாழ எலத் துண்டுல எண்ணெ தடவி, அது மேல தட்டணும். மாவு தண்ணியா இருந்தா ஒரு புடி அரிசி மாவு.

ரூபன்: இரு, இரு... அய்யய்யோ!

ஜெயந்தி: என்னங்க? சுட்டுக்கிட்டீங்களா?

ரூபன்: பறந்துருச்சு!

ஜெயந்தி: எது?

ரூபன்: அப்பளம். உள்ளுக்குள்ள காத்தாடி சுத்துதுல்ல... மேல போய் கம்பியில ஒட்டிக்கிச்சு. பொகையுது.

ஜெயந்தி: பிளக்கப் புடுங்குங்க மொதல்ல! தீபாவளிக்கு ராக்கெட்டு விட்டிருக்காரு ஒங்க கஸ்டமரு.

ரூபன்: சிரிக்கிற.

ஜெயந்தி: சிரிக்கல.

ரூபன்: சிரிச்ச. எனக்குக் கேட்டுச்சு. இன்னொருக்கா சிரி.

ஜெயந்தி: ...பொகையப் பாருங்க. சோத்துக்கு என்ன செய்யிறாரு?

ரூபன்: அதையும் இதுலதான் போட்டான். தட்டுல அரிசியும் தண்ணியும். மேல பொரி, அடியில கஞ்சி.

ஜெயந்தி: காத்துல சோறாக்குன மொத ஆளு அவருதான். கடையில ரெண்டு பார்சல் வாங்கக்கூடாதா?

ரூபன்: கூடாதாம். எல்லாத்தையும் அவன் கையாலதான் செய்யணுமாம். போன தடவ அவ சமைச்சு வச்சதுல ஒரு பருக்கை அவன் சாப்புடல.

ஜெயந்தி: ஏனாம்?

ரூபன்: மாமனார் திதி. ரெண்டு மணி பஸ்ஸுல பசறைக்கு வந்துருவேன்னு சொன்னான். காலையில எந்திரிச்சு கலண்டர்த் தாளக் கிழிச்சு, அதுக்குப் பின்னாடி 'ரெண்டு மணி பஸ்'ன்னு எழுதி பையில வச்சுக்கிட்டுத்தான் வீட்டப் பூட்டுனான். கடைக்குப் போனா சாமான் லொறி வந்து நிக்குது. பெட்டி எறக்கி நிமிர்றான், மணி அஞ்சு.

ஜெயந்தி: படையல் எலைக்குப் பக்கத்துல இன்னொரு எலையப் போட்டுக்கிட்டு ஒருத்தி இருட்டுற வரைக்கும் வாசலப் பார்த்துக்கிட்டு இருந்தா. லயத்து வீட்டு வரிசையில போறவங்க வாறவங்க எல்லாம் 'ஒங்க வீட்டுக்காரர் இன்னும் வரலயா'ன்னு கேட்டாங்க. அவ என்ன சொல்லுவா?

ரூபன்: தெரியும்.

ஜெயந்தி: கஸ்டமருக்கா தெரியும்?

ரூபன்: அவனுக்கும் தெரியும். அன்னிக்கு அவ போன்ல ஒரு வார்த்த சொன்னா. 'ஒங்களுக்குக் கடதான் வீடு. அங்கயே குடியிருந்துக்கங்க.' அதோட அம்மா வீட்டுலயே நின்னுட்டா.

ஜெயந்தி: கோவத்துல சொல்றதுதான்.

ரூபன்: அவன் அப்படியே செஞ்சுட்டான்.

ஜெயந்தி: ...எப்படியே?

ஜௌபர் முதலாளி: என்ன ரூபன் இது? ஷட்டர் அரைவாசி தொறந்து கெடக்கு, உள்ளுக்குப் பொக! கள்ளன் பூந்துட்டான்டு நெனச்சு ஓடி வாறன்!

ரூபன்: ஒன்னுமில்ல முதலாளி... ஒரு கஸ்டமர் விசயமா...

ஜௌபர் முதலாளி: ரெண்டு நாளாக் கட பூட்டு. எந்தக் கஸ்டமர்? இதென்ன, ஒரு டிஸ்பிளே மெசினுக்குள்ள கோழி, இன்னொன்டுல வட! என்ட புது டீவிப் பெட்டியெல்லாம் வட மணக்குது!

ரூபன்: முதலாளி, மெதுவா... போன்ல ஆளு இருக்கு.

ஜௌபர் முதலாளி: யாரு? தங்கச்சியா? இஞ்ச தாங்க போன. தங்கச்சி, நான் ஜௌபர். ஒங்கட மனுசனக் கொஞ்சம் கூட்டிக்கொண்டு போங்க. ரெண்டு மாசமா என்ட ஸ்டோர்ல பாயப் போட்டுப் படுக்குறாரு. வீட்டுக்குப் போங்கன்டு சொன்னா, பொஞ்சாதி இருக்கச் சொன்ன எடத்துலதான் இருக்கன்டு சொல்றாரு.

ரூபன்: முதலாளி!

ஜௌபர் முதலாளி: மாத்திக்கட்ட உடுப்பு இல்லாம பஸார்ல ரெண்டு சேர்ட் வாங்கினாரு. நடந்து போனா கால் மணித்தியாலத்துல வீடு! சரி சரி, நான் போறன். ரூபன், நாலு மணிக்குப் பசற பஸ். நல்ல நாள், அத விட்டா வேற பஸ் இல்ல. ஒரு துண்டு கோழி எடுக்குறன். எங்க வாங்கின, ஹலால்தானே?

ரூபன்: ஒங்க மச்சான் கடையிலதான்.

ஜௌபர் முதலாளி: அப்ப ரெண்டு துண்டு. ...தங்கச்சி, உப்பு கொஞ்சம் கூட. அத விட்டா நல்லம்.

ரூபன்: ...ஜெயந்தி? இருக்கியா?

ஜெயந்தி: ரெண்டு மாசமாவா?

ரூபன்: ரெண்டு மாசமும் ஒம்பது நாளும்.

ஜெயந்தி: வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கலயா?

ரூபன்: ஒரு நாள் சந்தி வரைக்கும் போனேன். வெளக்கு எரியாத வீட்டுக்கு எப்படிப் போறது? திரும்பிட்டேன்.

ஜெயந்தி: அப்ப காலையில இருந்து நான் இங்க...

ரூபன்: நீ?

ஜெயந்தி: ஒன்னுமில்ல. அம்மா கூப்புடுறாங்க.

ரூபன்: அத்தையா? சத்தமே கேக்கலயே.

ஜெயந்தி: மெதுவாக் கூப்புடுறாங்க.

ரூபன்: அத்தையா? மெதுவாவா?

ஜெயந்தி: ஏங்க, இப்ப எங்கம்மா தொண்டையப் பத்தியா பேச்சு?

ரூபன்: கஸ்டமர் யாருன்னு எப்ப தெரியும் ஒனக்கு?

ஜெயந்தி: 'இருக்கா'ன்னு சொல்லி 'இருக்காங்க'ன்னு மாத்துனீங்களே, அப்பவே.

ரூபன்: அப்புறம் ஏன் கேட்டுக்கிட்டே இருந்த?

ஜெயந்தி: அந்தாளு பேசுறது நல்லா இருந்துச்சு. எங்க வீட்டுக்காரரு இத்தன வார்த்த சேர்ந்தாப்புல பேச மாட்டாரு.

ரூபன்: ...சாப்பாட்டுக் கேரியர் கட்டிட்டேன் ஜெயந்தி. அடியில கோழி. அதுக்கு மேல கத்தரிக்கா. பணியாரமும் சுட்டேன், ஒரு பக்கம் கருகல். வடை ஏழு தேறுச்சு. அதுல ஒன்னுலதான் ஓட்ட நடுவுல இருக்கு.

ஜெயந்தி: அந்த ஒன்னு எனக்கு.

ரூபன்: சோறுதான் இல்ல. அங்க இருக்கும்ல?

ஜெயந்தி: வீட்டுல இருக்கு. இப்பத்தான் வடிச்சேன்.

ரூபன்: அப்ப நாலு மணி பஸ்ஸப் புடிச்சிடுறேன். அத்த ஏசுனா ஏசட்டும். வாசல்ல நின்னு ஒன் பேரக் கூப்புடுவேன். பெரட்டுல கூப்புட்ட மாதிரி. நீ வெளிய வந்தாப் போதும்.

ஜெயந்தி: அந்த பஸ்ஸுல ஏறாதீங்க.

ரூபன்: ...ஏன்?

ஜெயந்தி: ஏறாதீங்க.

ரூபன்: வர வேணான்னா சொல்லிரு புள்ள. நேரடியா சொல்லிரு. கேரியர முதலாளி வீட்டுல குடுத்துர்றேன். நான் வழக்கமாப் படுக்குற எடத்துல...

ஜெயந்தி: எனக்குத் தட்டு வச்சிருக்கீங்களா, அதச் சொல்லுங்க.

ரூபன்: ரெண்டு தட்டு கழுவி வச்சிருக்கேன். எப்பவும் போலத்தான். நீ வாறதுக்கு முன்னாடியே பேரப் போட்டாச்சு.

ஜெயந்தி: இந்தத் தடவ யாருகிட்டயும் ஏச்சு வாங்க மாட்டீங்க.

ரூபன்: என்ன சொல்ற? வெளங்கல. மணி மூணே முக்கால் ஜெயந்தி, பஸ் எடுக்கப் போறான். நான் எங்கதான் வாறது?

ஜெயந்தி: ...இங்க நம்ம வீட்டுச் செவுத்துல கலண்டர் இன்னும் அன்னிக்குத் தேதியிலயே நிக்குதுங்க. விடிய வந்ததுல இருந்து பார்த்துக்கிட்டே இருக்கேன், நான் கை வைக்கல. நடந்து வாங்க, நீங்களே கிழிங்க.