கமெண்டை மூடுனது நாந்தான்

அக்கா, ஒட்டுக்கேக்கல. பக்கத்து சீட்டுல்ல, காதுல விழுந்துருச்சு. ஈமெயில்ல வாராவாரம் லெட்டர் எழுதுற புள்ள கமெண்டயெல்லாம் மூடிப்புட்டா, இவனெல்லாம் ஒரு அப்பனான்னு நான் எழுதுனதும் போச்சுன்னு போன்ல சொன்னீங்கல்ல. அதை மூடுனது நாந்தான்க்கா.

ஆமா, எழுதுறதும் நாந்தான். செத்த மெல்லப் பேசுங்க, கண்டக்டர் எங்க தெருக்காரரு.

நேர்ல நாலு பேருகிட்ட எனக்குப் பேச வராது. அதான் பேரப் போடாம நியூஸ்லெட்டர் ஆரம்பிச்சேன். கமெண்ட ஆன் பண்ணு, சாட்டத் தொற, வாசகருங்க கூடுவாங்கன்னு அந்த சைட்டுலயே போட்டுருந்துச்சு. எல்லாத்தையும் ஆன் பண்ணேன். எப்படி நிறுத்துறதுன்னு பாக்கல.

பெறகுதான் எங்கத்தாவ, அதான் எங்கப்பாவப் பத்தி எழுதுனேன். அவரு தங்கச்சி மகனக் கட்டிக்க மாட்டேன்னு நான் சொன்னதுலருந்து ஒன்றரை வருசமா எங்கிட்டப் பேசுறதில்ல. ஒரே வீடுதான். சோத்துக்குத் தொட்டுக்க வெஞ்சனம் வேணும்னாலும் அம்மாவ விட்டுத்தான் கேப்பாரு.

அம்புட்டுப் பேரும் அவரத் திட்டுனீங்க. நான் வீட்ட விட்டு வெளிய வரணுமான்னு சாட்டுல ஓட்டே எடுத்தாங்க. எண்பத்திமூணு பேரு வான்னாங்க. எங்கத்தா அப்படியில்லன்னு ஒரு தடவ எழுதுனேன். பாவம், பயந்துக்கிட்டு எழுதுறான்னு அதுக்கும் கமெண்ட் வந்துச்சு.

இல்லக்கா, கோவமெல்லாம் இல்ல. எனக்காகத்தான எழுதுனீங்க.

போன வாரம், யாரு யாரு தொறந்து படிக்கிறாங்கன்னு லிஸ்டப் பாத்தேன். ஒரு மெயிலு மட்டும் அத்தாவப் பத்துன அந்த லெட்டர பதினாலு தடவ தொறந்துருக்கு. கேஸ் சிலிண்டர் புக் பண்ண, அத்தா மீரான் பேருல நானே போட்டுக் குடுத்த மெயிலு. ஆரம்பத்துல, லெட்டர் ஒழுங்காப் போகுதான்னு பாக்க அதைத்தான் சேத்தேன். எடுக்க மறந்துட்டேன். எட்டு மாசமா அவரு போனுக்குப் போயிக்கிட்டு இருந்துருக்கு. அன்னைக்கே கமெண்ட மூடுனேன்.

வீட்டுலயா? ஒண்ணும் கேக்கல. நானும் கேக்கல. காலையில டீய வச்சேன், குடிச்சுட்டு தோல் கிட்டங்கிக்கு வேலைக்குப் போயிட்டாரு. மெயில லிஸ்டுலருந்து எடுத்தா, தனக்கு மட்டும் லெட்டர் வரலன்னு அவருக்குத் தெரிஞ்சுரும். எடுக்காட்டி அடுத்தது போகும். அதான் இந்த வாரம் எழுதவே இல்ல.

ரெட்டியார்சத்திரம் வந்துருச்சு, எறங்கணும். கால செத்த நகத்துங்கக்கா.

இவனெல்லாம் ஒரு அப்பனான்னு நீங்க எழுதுனதுக்குக் கீழ ஒரே ஒரு ஹார்ட்டு விழுந்துருந்துச்சுல்ல? மூடுறதுக்கு முன்னாடி தொட்டுப் பாத்தேன். தொட்டா, போட்டவங்க பேரு வரும். மீரான்னு வந்துச்சு.